நுண்கணிதம் பள்ளியைத் தாண்டி எந்த வேலைக்கு உதவுகிறது?

பெரம்பூர் அச்சகத்தார்:
என் மகள் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள். நுண்கணிதத்தில் வகையீடு, அதாவது ஒன்று மாறும் வேகத்தைக் கணக்கிடும் பகுதி, தொடங்கிய நாளிலிருந்து, ‘இதை வைத்து யார், எந்த வேலையைச் செய்கிறார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இருபது ஆண்டுகளாக அச்சகம் நடத்தும் எனக்கு அது ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை. அவளிடம் பொய் சொல்லவும் மனமில்லை. தொழிலில் உண்மையாகவே பயன்படுத்தியவர்கள் விளக்கினால் அவளிடம் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர்:
ஐயா, மழைக்காலத்தில் நீங்கள் நாள்தோறும் படிக்கும் செய்தியிலேயே அது இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. வினாடிக்கு 3,000 கனஅடி வந்து 500 கனஅடி வெளியேறினால், அந்த நிலை மாறாதவரை ஒரு நாளில் 216 மில்லியன் கனஅடி சேரும் என்று பெருக்கியே சொல்லிவிடலாம். ஆனால் இரவில் மழை வலுத்து வரத்து மணிக்கு மணி மாறும்போது ஒரே பெருக்கலில் விடை கிடைக்காது. காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சேர்ந்ததைக் கூட்ட வேண்டும். அதுவே தொகையீடு. மதகைத் திறப்பவர்களும் மட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. அது எவ்வளவு வேகமாக உயர்கிறது, அந்த வேகமே கூடுகிறதா தணிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாடநூலில் இவை முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள். என் பணிக்காலத்தில் அந்தப் பெயர்களை யாரும் உச்சரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

மயிலாப்பூர் தணிக்கையாளர்:
என் அனுபவம் நேர்மாறானது. கணக்குத் தணிக்கையில் நான் தொகையீடு செய்ததே இல்லை. வீட்டுக்கடனின் மாதத் தவணையைக் கணக்கிடப் பெருக்குத் தொடர் (ஒவ்வோர் எண்ணும் முந்தையதை ஒரே எண்ணால் பெருக்கி வரும் தொடர்) போதும். வணிகத் துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால், புள்ளியியலில் கூடுதல் நேரம் செலவிடச் சொல்லுங்கள்.

மருந்தியல் ஆசிரியை:
மருத்துவம், மருந்தியல் பக்கம் வருபவர்கள் அவ்வாறு தப்பிக்க முடியாது. பல மருந்துகள், இரத்தத்தில் அப்போது எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில் வெளியேறுகின்றன. இது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. பாராசிட்டமாலின் அளவு பெரியவர்களின் உடலில் ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. ஒரு மருந்தை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்பதை இத்தகைய கணக்கின்றி வகுக்க இயலாது. மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. மருந்தை உருவாக்கியவர்கள் முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள்.

பெரம்பூர் அச்சகத்தார்:
அனைவருக்கும் நன்றி. ஏரிக் கணக்கைப் படித்ததும் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: ஏரி தொட்டியைப் போல நேர்ச்சுவர் கொண்டதல்லவே, அடிக்கணக்கில் அளந்த மட்டத்தைக் கனஅடியாக எப்படி மாற்றுகிறார்கள்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர்:
நல்ல கேள்வி. ஏரியை நில அளவை செய்து, ஒவ்வொரு மட்டத்திலும் நீர் பரவும் பரப்பைக் கண்டறிவார்கள். அடுத்தடுத்த இரு மட்டங்களின் பரப்புக்குச் சராசரி எடுத்து, இடைப்பட்ட உயரத்தால் பெருக்கி, அடியிலிருந்து மேல்வரை கூட்டிக்கொண்டே போனால் கொள்ளளவு அட்டவணை கிடைக்கும். ஏரி மேலே போகப் போக அகல்வதால், கடைசி ஓர் அடியில் நிற்கும் நீர் முதல் அடியில் நிற்பதைவிடப் பன்மடங்கு அதிகம். வண்டல் படிந்தால் அந்த அட்டவணையை மீண்டும் போட வேண்டியிருக்கும்.