பர்மிங்ஹாமில் கிளெவர்லி பேசியது 20 நிமிடம்: ஓர் உரையைக் கொண்டு தலைவரை எடைபோடலாமா?

அவைநோக்கி:
2024 அக்டோபர் 2ஆம் நாள், பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டின் நிறைவு நாளன்று, தலைமைப் பதவிக்குப் போட்டியிட்ட டாம் டூகன்ட்ஹாட், ஜேம்ஸ் கிளெவர்லி, ராபர்ட் ஜென்ரிக், கெமி பேடனோக் ஆகிய நால்வருக்கும் பர்மிங்ஹாம் மேடையில் ஆளுக்கு 20 நிமிடம் ஒதுக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கட்சி பொதுத் தேர்தலில் 121 இடங்களுக்குச் சுருங்கியிருந்தது. கிளெவர்லி முதலில் மன்னிப்புக் கேட்டார். கட்சியின் எம்.பி.க்கள் தொண்டர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். கட்சி இனிமேல் சற்று இயல்பாக நடந்துகொள்ளட்டும் என்றார். அரங்கம் எழுந்து நின்றது. நால்வரில் நன்றாகப் பேசியவர் அவரே என்று அன்று மாலைக்குள் பேச்சு பரவிவிட்டது.

அந்தக் கட்சியில் எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்துப் போட்டியாளர்களை இருவராகக் குறைப்பார்கள்; அந்த இருவரில் ஒருவரைக் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். செப்டம்பர் சுற்றில் 21 எம்.பி.க்களின் ஆதரவை மட்டுமே பெற்றிருந்த கிளெவர்லி, அக்டோபர் 8ஆம் நாள் 39 வாக்குகளுடன் முதலிடத்துக்கு வந்தார். மறுநாளே 37 ஆகக் குறைந்து, மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டுப் போட்டியிலிருந்து வெளியேறினார். மாநாட்டு உரையைக் கேட்டுவிட்டு "இவரே தலைவர்" என்று தீர்மானிக்கும் வழக்கம் எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்பது என் கருத்து. மேடையில் கேட்பவை ஒத்திகை பார்த்த சொற்கள்; தலைமை என்பது ஒத்திகை இல்லாத நாள்களில் எடுக்கும் முடிவுகள்.

சொல்லேர்:
நீங்கள் தந்த எண்களே உங்களை மறுக்கின்றன. 21 என்பது 39 ஆனது எதனால்? இடையில் டூகன்ட்ஹாட் விலகவில்லை. மற்றொரு போட்டியாளரான மெல் ஸ்டிரைட் ஒருவர்தான் வெளியேறியிருந்தார், அவருக்கு இருந்தவையோ 16 வாக்குகள். அவை முழுவதும் கிளெவர்லிக்கே வந்தன என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு 39ஐ எட்டாது. அந்த உரைதான் மீதியைக் கொண்டுவந்தது.

2005ஐயும் நினைவுபடுத்துகிறேன். மே மாதத் தேர்தல் தோல்விக்குப் பின் அதே கட்சியின் தலைவர் மைக்கேல் ஹோவார்ட் விலகுவதாக அறிவித்துவிட்டு, வாரிசைத் தேர்ந்தெடுக்கும் வரை பொறுப்பில் நீடித்தார். அதனால் அக்டோபரில் பிளாக்பூல் மாநாடு பெண் பார்க்கும் படலம் போலவே நடந்தது. முன்னணியில் இருந்தவர் டேவிட் டேவிஸ். நாடாளுமன்றத்துக்கு வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 38 வயது டேவிட் கேமரன் அக்டோபர் 4ஆம் நாள் கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் மேடையில் நடந்தபடியே பேசினார். முடிந்ததும் கருவுற்றிருந்த மனைவி மேடைக்கு வந்தார், கேமரன் அவருடைய வயிற்றை மெல்லத் தொட்டார், அந்தப் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. மறுநாள் டேவிஸ் பேசியது யாருக்கும் நினைவில்லை. தட்டையாக இருந்தது என்பது மட்டுமே நினைவிருக்கிறது. இரு வாரங்கள் கழித்து எம்.பி.க்களின் முதல் சுற்றில் டேவிஸ் 62, கேமரன் 56. இரண்டாம் சுற்றில் கேமரன் 90, டேவிஸ் 57. கட்சி உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் 1,34,446க்கு 64,398. ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் பிரதமர். இதைப் பொருளற்றது என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழைய வாக்காளன்:
எதிர்த்தரப்பான தொழிற்கட்சியின் தலைவர் கியர் ஸ்டார்மர் 2021இல் பிரைட்டன் மாநாட்டில் பேசியபோது சொந்தக் கட்சியினரே இடையிடையே கூச்சலிட்டார்கள். அவர் பேச்சாளரே அல்ல என்று அன்று ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினோம். 2024இல் அவருடைய கட்சி வென்றது 411 இடங்கள். வேறொன்றும் நான் சொல்வதற்கில்லை.

அவைநோக்கி:
நண்பர் சொல்லேர் வென்ற குதிரையை மட்டும் காட்டுகிறார். அதே பிளாக்பூலில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே கட்சியின் தலைவராக இருந்த இயான் டங்கன் ஸ்மித், அமைதியான மனிதன் இங்கேயேதான் இருக்கப் போகிறான், இனி ஒலியைக் கூட்டப் போகிறான் என்று முழங்கினார். தொண்டர்கள் மீண்டும் மீண்டும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை; 2003 அக்டோபர் 29ஆம் நாள் எம்.பி.க்கள் 90க்கு 75 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையின்மை தெரிவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எம்.பி. தன் தொகுதியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் அவர் கணக்குப் போடுகிறார். உறுப்பினர் தன் கொள்கை மேடையில் ஒலிக்கக் கேட்கிறார், மகிழ்கிறார். வீட்டிலிருக்கும் வாக்காளரோ உரையையே கேட்பதில்லை. இரவுச் செய்தியில் பத்து விநாடித் துணுக்கு ஒன்றைப் பார்க்கிறார், அதுவும் சமையலறைக்குப் போகும் வழியில். இந்த மூன்று கூட்டமும் ஒன்றல்ல. பர்மிங்ஹாமில் கிளெவர்லிக்குக் கைதட்டிய உறுப்பினர்களின் கைகளில் அன்று வாக்குச்சீட்டு இல்லை. வாக்குச்சீட்டு வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. கடைசியில் பேடனோக் 53,806, ஜென்ரிக் 41,388 என்று முடிந்ததே, அந்த 95,000 சொச்சம் பேரில் எத்தனை பேர் கிளெவர்லியின் பேச்சை மெச்சியவர்கள் என்பதைக் கேட்க யாருக்கும் வாய்ப்பே அமையவில்லை.

சொல்லேர்:
அது விதிமுறையின் குறை. உரையின் குறை அல்ல. சமையலில் உப்பு சரியாக இருந்து, பந்தியில் இலை போடாமல் விட்டதற்குச் சமைத்தவரையா பழிப்பது?

வாக்குகளை வைத்து மட்டும் ஓர் உரையை அளப்பதையும் நான் ஏற்கவில்லை. 1985 அக்டோபர் 1ஆம் நாள் போர்ன்மவுத்தில் தொழிற்கட்சித் தலைவர் நீல் கினாக் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். மிலிட்டன்ட் என்ற தீவிர இடதுசாரிக் குழுவின் பிடியில் இருந்த லிவர்பூல் நகரசபை, நடைமுறைக்கு ஒவ்வாத வாக்குறுதிகளில் தொடங்கி, தன் சொந்த ஊழியர்களுக்கே வேலைநீக்க அறிவிப்புகளை வாடகை டாக்சிகளில் ஊர் முழுக்க அனுப்பி விநியோகிக்கும் நிலையில் வந்து நின்றதை, அந்தக் கட்சியின் மேடையிலேயே அவர் சொல்லிக் காட்டினார். அரங்கில் இருந்த லிவர்பூல் நகரசபைத் துணைத்தலைவர் டெரெக் ஹட்டன் எழுந்து கத்தினார். மேடையில் அமர்ந்திருந்த லிவர்பூல் எம்.பி. எரிக் ஹெஃபர் வெளிநடப்புச் செய்தார். கைதட்டலும் கூச்சலும் ஒரே நேரத்தில் எழுந்த அரங்கம் அது. கைதட்டல் மட்டுமே கிடைத்திருந்தால் அந்த உரைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? தன் கட்சிக்காரர்களுக்கு நோகும் ஒன்றை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு இருக்கிறதா என்பதைத் தொலைக்காட்சிப் பேட்டியில் காண முடியாது.

கணக்கன்:
கினாக் 1987இல் தோற்றார். எதிர்த்தரப்புக்குக் கிடைத்த பெரும்பான்மை 102. 1992இல் மீண்டும் தோற்றார். இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் 1983 முதலே தலைவர். பதவியைப் பிடிக்கப் பேசியவர் அல்ல, கட்சியைத் தன் பிடிக்குள் கொண்டுவரப் பேசியவர். எனவே கிளெவர்லியோடு அவரை ஒப்பிடுவது இரு தரப்புக்கும் உதவாது.

39 எப்படி 37 ஆனது என்ற கேள்விக்கு வருகிறேன். டூகன்ட்ஹாட் வெளியேறியபோது அவருடைய 20 வாக்குகள் பிரிய வேண்டியிருந்தன. அவரும் கிளெவர்லியும் கட்சியின் மிதவாதப் பக்கம் நின்றவர்கள் என்பதால் அவற்றில் பாதியாவது கிளெவர்லிக்கு வரும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு: பேடனோக் 30இலிருந்து 42, ஜென்ரிக் 31இலிருந்து 41, கிளெவர்லி மட்டும் 2 வாக்குகளை இழந்தார். தங்கள் ஆள் எப்படியும் இறுதிக்குப் போய்விடுவார் என்று நம்பிய ஆதரவாளர்கள் சிலர், எளிதில் வெல்லக்கூடிய எதிராளியைத் தேர்ந்தெடுப்பதற்காகத் தங்கள் வாக்கை இரவல் கொடுத்திருக்கலாம் என்று அப்போது பரவலாக ஊகித்தார்கள். வாக்கு இரகசியமானது என்பதால் ஊகம் ஊகமாகவே நிற்கிறது. ஆனால் அது உண்மையானால், உரை தோற்கவில்லை. அளவுக்கு மீறி வென்றுவிட்டது என்றாகும். ஒரு வாக்கு இரண்டு வாக்கில் மனக்கோட்டைகள் இடிவது அந்தக் கட்சிக்குப் புதிதும் அல்ல. 2001 தலைமைப் போட்டியில் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் மைக்கேல் போர்ட்டில்லோ 53, டங்கன் ஸ்மித் 54. அந்த ஒற்றை வாக்கோடு போர்ட்டில்லோவின் தலைமைக் கனவு முடிந்தது.

அவைநோக்கி:
கணக்கன் அவர்களின் விளக்கம் என்னை யோசிக்க வைத்தது. ஆயினும் உரையின் வலிமை பற்றிப் பேசும் எவரும் 2017 மான்செஸ்டரை மறந்துவிடக் கூடாது. பிரதமர் தெரசா மே பேசத் தொடங்கினார். நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் மேடை வரை நடந்து வந்து வேலைநீக்கப் படிவம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பிறகு இருமல் விடவே இல்லை. நிதியமைச்சர் எழுந்து இருமல் மிட்டாய் நீட்டினார். பின்னால் சுவரில் ஒட்டியிருந்த முழக்கத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின. இதைவிட மோசமான மாநாட்டு உரையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. அத்துடன் அவர் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 117 என்று வென்றார். 2019 ஜூலை வரை பிரதமராக இருந்தார். அவரை வீழ்த்தியது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்ஸிட் உடன்பாடு, இருமல் அல்ல.

சொல்லேர்:
அவர் இடத்துக்கு வந்தவர் யார்? 2018இல் அமைச்சரவையிலிருந்து விலகி, அதே ஆண்டு அக்டோபரில் பர்மிங்ஹாம் மாநாட்டின் பக்க அரங்கு ஒன்றில், பிரதமர் பேசுவதற்கு முந்தைய நாள், நீண்ட வரிசையில் காத்திருந்து நிரம்பிய கூட்டத்துக்கு முன், செக்கர்ஸ் திட்டம் எனப்பட்ட மேயின் பிரெக்ஸிட் திட்டத்தைத் தூக்கி எறியச் சொன்ன போரிஸ் ஜான்சன். தலைமைக்கு ஆசைப்படுகிறேன் என்று அந்த உரையில் அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வேறு எதையும் யாரும் அதில் கேட்கவும் இல்லை.

ஓர் உரை கேட்பவரின் மனத்தை அப்படியே திருப்பிவிடுகிறது என்று நானும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் மனம் மாறிவிட்டாரோ என்ற ஐயத்தை அது உண்டாக்குகிறது. எம்.பி.க்களுக்கு அந்த ஐயம் போதும். தோற்கும் பக்கம் நிற்க அவர்கள் விரும்புவதில்லை. 2005இல் டேவிஸ் பக்கம் இருந்தவர்கள் நகர்ந்ததும், 2024இல் கிளெவர்லி பக்கம் 18 பேர் கூடியதும் இதனால்தான்.

அவைநோக்கி:
அப்படியானால் நாம் சண்டையிடுவது வேறொன்றைப் பற்றி. உரை எம்.பி.க்களை நகர்த்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகர வேண்டிய திசையைக் காட்டும் தகுதி அதற்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 மாநாட்டில் அந்த 20 நிமிட உரைகளுக்கு முந்தைய இரு நாள்களில் நால்வரும் அதே அரங்கில் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். குறிப்பில்லாத, தொடர் கேள்விகளோடு கூடிய மணித்துளிகள் அவை. இத்தனை பதிவுகள் எழுதிய நாம் ஐவரில், ஐந்தாமவர் இதைப் படித்துக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பதில்களில் ஒன்றையாவது நினைவிலிருந்து சொல்லக்கூடியவர் யார்? என்னால் முடியவில்லை. கிளெவர்லியின் மன்னிப்பு மட்டும் நினைவிருக்கிறது.

பழைய வாக்காளன்:
எனக்கு அதுவும் நினைவில்லை. 37 மட்டும்தான்.