குளோனிங்கில் பெரும்பாலான கருக்கள் ஏன் பிழைப்பதில்லை?

தேன்சிட்டு:
1996இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்தில் டாலி என்ற செம்மறியாடு பிறப்பதற்கு 277 கருமுட்டைகளின் உட்கருவை அகற்றி, வளர்ந்த ஓர் ஆட்டின் மடி உயிரணுவின் உட்கருவை வைத்ததாகவும், அவற்றுள் 29 மட்டுமே வாடகைத்தாய் ஆடுகளுக்குள் வைக்கும் அளவுக்கு வளர்ந்ததாகவும் படித்தேன். மடியிலிருந்து எடுத்த உயிரணுவில் ஓர் ஆட்டுக்கு வேண்டிய மரபணுக்கள் அனைத்தும் இருக்கும்போது இவ்வளவு இழப்பு எதனால்? ஊசியால் உட்கருவை அகற்றும்போது முட்டை சிதைவதுதான் காரணமா?

நுண்ணோக்கி:
சிதைவுக்கும் பங்குண்டு, ஆனால் அதே ஊசி வேலையைத் தொடக்கநிலைக் கருவின் உயிரணுவைக் கொண்டு செய்தால் வெற்றி கூடுகிறது என்பதால், சிக்கல் உட்கருவின் நிலையில்தான் இருக்கிறது. மடி உயிரணுவுக்குத் தேவையற்ற மரபணுக்கள், டிஎன்ஏ மீதுள்ள மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளாலும், அது சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் குறிகளாலும் பூட்டப்பட்டிருக்கும். இயல்பான கருத்தரிப்பில், விந்தணுவும் முட்டையும் உருவாகும் நீண்ட காலத்திலேயே கருவுக்கான ஆயத்தம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. குளோனிங்கிலோ, முட்டையின் சைட்டோபிளாசம் (உட்கருவைச் சூழ்ந்த கூழ்) அந்தப் பூட்டுகளைச் சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாட்களில் திறந்தாக வேண்டும். கருவின் சொந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்கும் கட்டத்தில் திறக்காத பகுதிகள் எஞ்சியிருந்தால் வளர்ச்சி நின்றுபோகிறது. ஹிஸ்டோன் குறி ஒன்றை நீக்கும் நொதியைச் சுண்டெலி முட்டைகளில் கூடுதலாக உண்டாக்கச் செய்தபோது, பல கருக்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டின.

வேப்பம்பூ:
நுண்ணோக்கி விளக்கியது தொடக்க நாட்களின் இழப்பை. கருப்பையில் பதிந்த பிறகு நேரும் இழப்புக்கு நஞ்சுக்கொடியின் கோளாறே பெருங்காரணம் என்பது என் கருத்து. பொதுவான விளக்கங்களில் இது ஏனோ ஓரத்தில் கிடக்கிறது. தந்தைவழிப் படி (நகல்) மட்டும் இயங்க வேண்டிய சில மரபணுக்களில் தாய்வழிப் படியும் சேர்ந்து இயங்குவதால், சுண்டெலிகளில் நஞ்சுக்கொடி அளவுமீறிப் பருக்கிறது. மாடுகளில் கருப்பையில் நீர் கோத்துக்கொள்வதும், கன்று மிகப் பெரிதாக வளர்ந்து பிறந்த கையோடு இறப்பதும் உண்டு. சீன ஆய்வாளர்கள் ரீசஸ் குரங்கின் குளோன் கருவிலிருந்து குட்டியாக வளரும் உள் உயிரணுத் திரளை எடுத்து, ஆய்வகத்தில் விந்தணு கொண்டு உருவாக்கிய இன்னொரு கருவின் புற அடுக்குக்குள் வைத்தனர். நஞ்சுக்கொடியாக மாறுவது அந்தப் புற அடுக்குதான். இவ்வாறு பிறந்த குட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாக 2024இல் அறிவித்தனர்.

தேன்சிட்டு:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், பிறவாத கருவின் உயிரணுவை எடுத்தால் இழப்பு நீங்கிவிடுமா?

நுண்ணோக்கி:
குறையலாம், நீங்காது. 2018இல் அறிவிக்கப்பட்ட ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்ற மக்காக் குரங்குகள் அத்தகைய உயிரணுக்களிலிருந்து வந்தவை. அதே ஆய்வில், வளர்ந்த குரங்கின் உயிரணுக்களிலிருந்து பிறந்த இரு குட்டிகளும் விரைவில் இறந்தன. ஆனால் நான் முன்பு சொன்ன நொதியின் துணையோடும்கூட, 79 கருக்களை 21 வாடகைத்தாய்க் குரங்குகளில் வைத்த பிறகே ஜோங் ஜோங்கும் ஹுவா ஹுவாவும் கிடைத்தன.