புதுப்பிப்பு: முட்டை சிக்கிய செவலைக் கோழி
போன வாரம் எங்கள் செவலைக் கோழிக்கு முட்டை சிக்கிக்கொண்டு, வாலைத் தொங்கப்போட்டு முக்கிக்கொண்டே நின்றதைச் சொல்லியிருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் உட்காரவைத்து, இருட்டு மூலையில் விட்டேன். ராத்திரியே முட்டை வந்துவிட்டது. ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. கால்சியம் போதவில்லை, முட்டையைத் தள்ளும் தசைக்கும் அதுதானே வேண்டும்! வெறும் நொய்யைப் போட்டே வளர்த்தது என் தப்பு.

இப்போது தனிக்கூடை, சேவலை அண்ட விடுவதில்லை. சாயங்காலம் சீக்கிரமே சாக்கைப் போட்டு மூடிவிடுகிறேன். வெளிச்சம் குறைந்தால் முட்டையிடுவது தள்ளிப்போகும், அதற்குள் உடம்பு தேறட்டும். முட்டைக்கோழித் தீவனம், தனிக் கிண்ணத்தில் பொடித்த கிளிஞ்சல். இன்று காலை கூடையைத் தூக்கியதும் நேராகக் குப்பைமேட்டுக்கு ஓடிக் கிளற ஆரம்பித்துவிட்டது. சரி, அடுத்த முட்டை வரும்வரை எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.