அக்ரிலிக் வானம் கலக்கும் முன்பே காய்ந்துவிடுகிறது: வழி தேவை

வணக்கம். அக்ரிலிக் வண்ணத்தில் ஒரு நிறம் மற்றொன்றில் தடம் தெரியாமல் கரையும்படி வானத்தைத் தீட்ட முடியாமல் சில மாதங்களாகத் திணறுகிறேன். இருப்பது தோவாளை, ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக வீட்டுக்குள் வரும்.

யூடியூப் பாடங்களைப் பார்த்தே பழகுகிறேன். சாம்பல் நிறப் படிநிலைப் பயிற்சி, வண்ணச் சக்கரம், உருண்டைக்கு ஒளிநிழல் இடுவது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டன. முட்டம் கடற்கரையின் அந்தி வானத்தில்தான் சிக்கல். அல்ட்ராமரீன் நீலத்தை மேலே இட்டு, கீழே ஆரஞ்சுக்கு வருவதற்குள் நீலத்தின் ஓரம் பாதி காய்ந்து ஒட்டும் பதத்துக்கு வந்துவிடுகிறது. அதன்மேல் தூரிகையை இழுத்தால் வண்ணம் உரிந்து அடியிலுள்ள வெள்ளை ஜெசோ (வண்ணம் தீட்டும் முன் கேன்வாஸில் இடும் தளப்பூச்சு) எட்டிப் பார்க்கிறது, மீதி இடமெல்லாம் துடைப்பம் இழுத்த தடம் போலாகிறது.

பயன்படுத்துவது மாணவர் தர வண்ணம், 12க்கு 16 அங்குலக் கேன்வாஸ் பலகை, ஓரங்குலத் தட்டைத் தூரிகை. நீலமும் ஆரஞ்சும் நேரடியாகக் கலந்தால் அழுக்கு நிறமாகும் என்பதால் இடையில் வெளிர் இளஞ்சிவப்பை வைக்கிறேன். ஆகவே நிறத்தேர்வில் குறை இல்லை என்றே நினைக்கிறேன்.

நீர் தெளித்துப் பார்த்தேன்; வண்ணம் நீர்த்து வழிந்தது. வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டரைச் சேர்த்தபோது கலக்க நேரம் கிடைத்தது, ஆனால் மறுநாள் அடுத்த பூச்சை இடுகையில் அடிப்பூச்சு கிளம்பியது. வண்ணம் காயாமல் ஈரமாக வைத்திருக்கும் ஈரத்தட்டு, தட்டிலுள்ள வண்ணத்தை மட்டுமே காக்கிறது. ஜன்னலை அடைத்தால் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை, அதுவும் காற்றுதானே.

இவ்வளவு காற்றுள்ள இடத்தில் ரிட்டார்டரைக் குறைத்துக்கொண்டு ஈரத்தின்மேல் ஈரமாகவே தொடர்வதா, அல்லது ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு மெல்லிய கிளேஸ் (அடிநிறம் தெரியும்படியான ஒளிபுகும் பூச்சு) அடுக்குகளாக ஏற்றுவதா, எது சரியாக வரும்?