தாடி ஐரிஸ் கிழங்கு அழுகுகிறது, பூக்கவும் இல்லை: கொழும்பில் என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். ரொறன்ரோவிலிருந்து அண்ணா உரிய அனுமதிப் பத்திரங்களுடன் அனுப்பிய தாடி ஐரிஸ் (கீழிதழில் தாடிபோல மயிர்க்கற்றை கொண்ட குளிர்நாட்டுப் பூச்செடி) கிழங்குகளை, மொட்டைமாடியில் தும்புச்சோறும் மாட்டெருவும் கலந்த பூச்சாடிகளில் நட்டிருக்கிறேன். விசிறி போல இலைகள் செழித்தன. ஆனால் ஒக்டோபர் மழை தொடங்கிய பின்னர் சிலவற்றின் இலைகள் அடியில் மஞ்சளாகி, மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடுகின்றன. கிழங்கை அமுக்கினால் கூழாக நசிகிறது, நாற்றமும் தாங்க முடியவில்லை. தப்பியவற்றில் ஒரு பூந்தண்டுகூட எழவில்லை. மலர்க் கண்காட்சியின் வெட்டுமலர்ப் பிரிவில் வைக்க விரும்புகிறேன். அழுகலை நிறுத்துவது எப்படி? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் பூக்கும் என்பது உண்மையா?

நுவரெலியாவிலிருந்து ஒருவர்:
சகோதரி, கூழாக நசிவதும் நாற்றமும் சேர்ந்து வருவதால் இது பற்றீரியாவால் வரும் மென்னழுகல்தான். பாதிக்கப்பட்ட கிழங்கைத் தோண்டி, கெட்ட பகுதியைக் கரண்டியால் வெள்ளையான, உறுதியான சதை தெரியும்வரை சுரண்டி எடுங்கள். பின்னர் பிளீச் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்த கரைசலில் நனைத்து, வெட்டுவாய் காயும்வரை வெயிலில் வையுங்கள். மீண்டும் நடும்போது தும்புச்சோறு வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருமணலும் சிறுகல்லும் அதிகமாகக் கலந்து, கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, மழை நேரடியாக விழாமல் கூரையிடுங்கள். மாட்டெருவையும் நிறுத்துங்கள். நைதரசன் மிகுந்தால் வரும் மென்மையான தளிர்தான் முதலில் அழுகும்.

பூக்காததற்கு உங்கள் பராமரிப்பு காரணமில்லை. இந்தச் செடிக்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். கொழும்பிலோ ஜனவரி இரவிலும் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது.

தெஹிவளை ஓர்க்கிட் வளர்ப்பாளர்:
அழுகல் பற்றி மேலே சொன்னது முற்றிலும் சரி. குளிர்சாதனப் பெட்டி யோசனையை மட்டும் கைவிடுங்கள். துலிப் குமிழுக்குள் பூவின் கரு முன்கூட்டியே அமைந்திருப்பதால் அங்கே அந்த உத்தி பலிக்கிறது. தாடி ஐரிஸிலோ வளரும் நுனி குளிரைக் கண்ட பிறகே பூவாக மாறத் தொடங்குகிறது; ஆகவே பெட்டியிலிருந்து எடுக்கும்போது உள்ளே விரிவதற்குப் பூவே தயாராக இருக்காது. தவிரவும், ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, அதன் பக்கக் கிழங்குகளே பூக்கும் என்பதால் ஆண்டுதோறும் அதே பாடு பட வேண்டியிருக்கும்.

கண்காட்சிதான் இலக்கு என்றால் ஐரிஸ் டொமெஸ்டிகாவை நடுங்கள். செம்மஞ்சள் இதழில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட இது, குளிர் கேட்காமல் நம் வெக்கையிலேயே பூக்கும். முன்பு பெலம்கண்டா எனப்பட்ட இதனை 2005இல் ஐரிஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். நாற்றுமேடைகளில் பழைய பெயரைச் சொன்னாலும், கண்காட்சி அட்டையில் புதிய பெயரையே எழுதுங்கள். ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான் நிற்கும், பிறகு இதழ்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே மறுநாள் விரியவிருக்கும் பருத்த மொட்டுகள் பல உள்ள தண்டைத் தேர்ந்து, முந்திய மாலையே வெட்டி ஆழமான நீரில் வைத்துவிட வேண்டும். முதல்நாள் விரிந்த பூவை நம்பி மேசைக்குக் கொண்டுபோனால் நடுவர் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. அழுகிய சாடிகளின் மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா? தப்பிய கிழங்குகளை மலைநாட்டுக்கு அனுப்பினால் பூக்குமா?

நுவரெலியாவிலிருந்து ஒருவர்:
அந்த மண்ணை வேறு கிழங்குச் செடிகளுக்கும் இட வேண்டாம்; சாடியையும் கத்தியையும் அதே பிளீச் கரைசலில் கழுவுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி, பெப்ரவரி விடியலில் சில நாள் உறைபனியே விழும். ஆயினும் பகலில் வெயில் ஏறிவிடுவதால் பூக்கும் என்று உறுதி கூற மாட்டேன். அனுப்புவதானால் பாதியை அனுப்பிப் பாருங்கள், மழை ஓய்ந்து வரும் டிசம்பர் கடைசியில்.