ஐஸ் ஏஜ் பாதையில் விடுபட்ட மூன்று மைலுக்கு எந்த வழியைத் தேர்வு செய்வது?

காட்டுவழியன்:

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஐஸ் ஏஜ் தேசிய இயற்கைக்காட்சிப் பாதையைப் பராமரிக்கும் உள்ளூர்த் தன்னார்வலர் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். மேற்கே செயின்ட் குரோய் ஃபால்ஸ் அருகிலுள்ள இன்டர்ஸ்டேட் பூங்காவுக்கும் கிழக்கே ஸ்டர்ஜன் பே அருகிலுள்ள பொட்டவாட்டமி பூங்காவுக்கும் இடைப்பட்ட சுமார் 1,200 மைலில், மஞ்சள் பட்டை அடித்த முறையான நடைபாதை ஏறத்தாழ 700 மைல்தான். மீதித் தூரத்தை ஊர்ச்சாலைகளின் ஓரமாகவே கடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியிலும் முடிந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே இப்படி மூன்று மைல் விடுபட்டிருக்கிறது. அங்கே சாலைக்கு ஓரம் என்று ஒன்றே கிடையாது. பால் லாரி வந்தால் புல்லில் இறங்கி நிற்க வேண்டும்.

எனக்கு இரண்டு வழிகள் தென்படுகின்றன. பனிப்பாறை விட்டுச் சென்ற மொரைன் மேட்டின் முகட்டோடு செல்வது முதல் வழி. காட்சி அருமையாக இருக்கும், தூரமும் குறைவு; ஆனால் ஐந்து தனியார் நிலங்களைக் கடக்க வேண்டும். அவர்களில் இருவர் வாய்மொழியாகச் சம்மதித்துள்ளனர். மற்றது வடக்கே சுற்றி, மாநில வனவிலங்கு நிலத்தின் வழியாகச் செல்வது. அதில் இரண்டு மைல் கூடும், நடுவே கோரைச் சதுப்பும் உண்டு. குழுவில் பெரும்பாலோர் முகட்டு வழியையே கேட்கின்றனர். எதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்?

நிலஅளவன்:

முதலில் கோடு போடாதீர்கள். தேசியப் பூங்கா சேவை, மாநில இயற்கைவளத் துறை, பாதையைக் கவனிக்கும் தன்னார்வ அமைப்பான ஐஸ் ஏஜ் டிரெயில் அலையன்ஸ் ஆகியவை இந்தப் பாதைக்காக மாவட்டவாரியாகத் திட்ட எல்லைகளை வகுத்து வருகின்றன. அந்த எல்லைக்குள் எந்தெந்த நிலங்கள் வருகின்றன என்று பார்த்துவிட்டு, மாவட்ட நிலவரைபடத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அங்கே நிலமெல்லாம் ஒரு மைல் சதுரங்களாகவும், அவற்றுக்குள் 40 ஏக்கர்க் கட்டங்களாகவும் பிரிக்கப்பட்டவை. இரண்டு அரசு நிலங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து நிலத்தின் மேல் படாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாதை போட முடியாது. உங்கள் வடக்கு வழியில் அத்தகைய மூலை இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடலாம்.

வாய்மொழிச் சம்மதத்தை நம்பிக் கடப்பாரையை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கொடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும், நிலம் விற்கப்பட்டாலோ வாரிசுகளுக்குப் போனாலோ அந்தச் சம்மதம் அத்துடன் முடிந்துவிடும். நீங்கள் வெட்டிய பாதை மறுபடியும் சாலைக்கு வந்துவிடும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவான நிரந்தர வழிநடைப் பாத்தியமோ கிரயமோதான் நிலைக்கும். மத்திய அரசு இந்தப் பாதைக்கு நிலம் வாங்குவதற்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது; அதுவும் விற்க மனமுள்ளவரிடம் மட்டுமே வாங்கலாம், கட்டாயக் கையகப்படுத்தல் கிடையாது. ஆகவே இரண்டு மைல் கூடினாலும், ஏற்கெனவே பொதுச்சொத்தாக உள்ள வழியை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

சரிவுக்காரர்:

மேலே உள்ள கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் சதுப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஈரநிலத்தில் மரப்பலகை நடைமேடை போட வேண்டுமென்றால் மாநில இயற்கைவளத் துறையின் அனுமதியும், இடத்தைப் பொறுத்து ராணுவப் பொறியாளர் படையின் அனுமதியும் தேவைப்படலாம். அதனால் சதுப்பு மிகக் குறுகலாக உள்ள இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் கடப்பதே நல்லது.

முகட்டு வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகட்டின் உச்சியிலேயே பாதையை ஓட்டி, சரிவின் போக்கிலேயே நேராக இறக்கினால், மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் வேர்கள்தான் மிஞ்சும். உச்சிக்குச் சற்றுக் கீழே பக்கச் சரிவில் பாதையை வளைத்துச் செல்லுங்கள். பாதையின் ஏற்றம் அந்தப் பக்கச் சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது பாதை அமைப்போரின் பொது விதி. புதைந்த பனிக்கட்டி உருகி உண்டான கெட்டில் பள்ளங்களை விளிம்போடு சுற்றிச் சென்றால் காட்சியும் கிடைக்கும், ஏற்றமும் குறையும்.

ஏப்ரலில், பனி உருகி இலை துளிர்க்கும் முன், சாய்வுமானியும் வண்ண நாடாவும் எடுத்துக்கொண்டு இரண்டு வழிகளையும் நடந்து பாருங்கள். ஊற்றுக் கசிவுகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும் தரையைப் பார்த்து முடிவெடுப்பது வீண். உங்கள் பகுதி மத்திய விஸ்கான்சின் மணல்நிலமாக இருந்தால் காட்டு லூபின் செடிகளையும் கவனியுங்கள். அழியும் நிலையிலுள்ள கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அதை மட்டுமே தின்கின்றன. மத்திய நிதியோ அனுமதியோ வருமிடத்தில், மண்ணைத் தோண்டும் முன் 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி தொல்லியல் ஆய்வும் உண்டு. பூர்வகுடிகளின் மண்மேடுகள் நிறைந்த மாநிலம் அது என்பதை மறக்க வேண்டாம்.

காட்டுவழியன்:

இருவருக்கும் நன்றி. வடக்கு வழியில் அத்தகைய மூலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. முகட்டில் நடு நிலத்துக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. யாராவது விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது, மான் வேட்டைக் காலத்தில் ஆட்கள் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

நிலஅளவன்:

இரண்டுக்கும் பதில் உண்டு. விஸ்கான்சின் சட்டத் தொகுப்பின் 895.52ஆம் பிரிவு, பொழுதுபோக்குக்காக நிலத்தில் நுழைவோர் காயமடைந்தால் உரிமையாளருக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை என்கிறது. அதன் விதிவிலக்குகளை மட்டும் அவர் தம் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நவம்பரில் ஒன்பது நாள் நடக்கும் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் தனியார் நிலத்துண்டுகளை மூடிவைப்பது இந்தப் பாதையில் வழக்கமாக உள்ளதுதான். அவருடைய வேட்டைப் பரண் எங்கே இருக்கிறது என்று கேட்டு, பாதையை அதன் பார்வைக்கு அப்பால் தள்ளுங்கள்.

சம்மதித்த இருவரிடம் மறுபடி போவதைவிட, இந்த நடு நிலத்துக்காரரிடம் முதலில் போங்கள். அவர் மறுத்தால் மற்ற நால்வர் கொடுத்தும் முகட்டு வழி இணையாது. அப்போது வடக்கு மூலைக்கு அடுத்துள்ள நிலத்துக்காரரிடம் ஒரு சிறு துண்டுக்கு மட்டும் பாத்தியம் கேட்டால் போதும்.