எச்ஓ ஜிபி9 'டக் டக்' சத்தம்: கியர் மாற்றலாமா, வேறு இன்ஜின் வாங்கிவிடலாமா?

நேரோகேஜ்:
எச்ஓ அளவு (1:87) மாடல் ரயில் இன்ஜின், அமெரிக்க இஎம்டி ஜிபி9 டீசலின் மாதிரி. 1990களின் கடைசியில் வந்த சரக்கு, கம்பெனி பெயர் வேண்டாம். நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் ஃப்ளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் கனச் சக்கரம்), நாலு ஆக்சிலும் கியரில் ஓடுவது. மெதுவாக ஓட்டினால் சீரான இடைவெளியில் 'டக்... டக்' என்று தட்டுகிறது. பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் போகும்போது முன் போகி (வீல்கள் மாட்டிய அடிவண்டி) ஒரு துள்ளு துள்ளுகிறது. கால் மணி நேரம் ஓடினால் நடுப்பகுதியில் பாடி சுடுகிறது.

இதே மாடல், பெட்டியே பிரிக்காத பழைய ஸ்டாக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது இன்ஜின் விலையில் பாதிகூட இல்லை. அதை வாங்கிக்கொண்டு இதை உதிரிக்கு வைத்துவிடலாமா, இதையே சரிசெய்யலாமா? பிற்பாடு டிசிசி (இன்ஜினை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் முறை) போடும் எண்ணமும் உண்டு.

டீசல்ஷெட்:
அந்தப் பெட்டி பிரிக்காததை மறந்துவிடுங்கள் சார். உள்ளே இருப்பதும் அதே வயசு கியர்தான்.

இந்த வகையில் ஆக்சில் ஒரே கம்பி இல்லை. இரண்டு வீலிலும் அரை ஆக்சில் இருக்கும். நடுவில் குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கியர், இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்குள் இறுக்கி அழுத்தியிருப்பார்கள். இரண்டு வீலுக்கும் மின்தொடர்பு இல்லாமல் பிரித்து வைப்பதும் அந்தப் பிளாஸ்டிக்தான். இறுக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் கியரின் சுவர் எந்நேரமும் விரிந்த நிலையிலேயே நிற்கும். வருஷக்கணக்கில் அப்படியே நின்று, கடைசியில் இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் விரிசல் விடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் விரிசல் வரும், பெட்டிக்குள் தூங்கினாலும் வரும். விரிந்த பள்ளத்தில் அடுத்த கியரின் பல் சரியாக உட்காராமல் ஏறி இறங்குவதுதான் நீங்கள் கேட்கும் 'டக்'.

உறுதிப்படுத்த ஸ்கேல் போதும். நிஜ ஜிபி9 வீல் 40 அங்குலம். 87ஆல் வகுத்தால் விட்டம் 11.7 மி.மீ., சுற்றளவு 37 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தண்டவாளத்தில் 30 செ.மீ. குறித்துக்கொண்டு ஊர்ந்து போகவிடுங்கள். எட்டுத் தட்டு வந்தால் ஆக்சில் கியர். இடைவெளி வேறாக இருந்தால் இடைக் கியரைப் பாருங்கள். இடைவிடாத கரகரப்பு என்றால் வொர்ம் (மோட்டாரின் சுழற்சியைக் கியருக்குக் கொடுக்கும் திருகுப் பல்) பக்கம்.

குதிப்பதற்கும் காரணம் அதேதான். விரிசல் விட்ட கியரில் அரை ஆக்சில் நழுவி வீல் இடைவெளி மாறிவிடும். எச்ஓவில் வீலின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்கவேண்டும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ் தகடு, அதாவது வீல் இடைவெளி அளக்கும் தகடு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் எல்லா வண்டிக்கும் ஆகும்.

பொன்மலைப்பட்டறை:
டீசல்ஷெட் சொன்னது சரி. ஆனால் கியர் ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் சேசிஸைப் பாருங்கள். அது போயிருந்தால் கியருக்குப் போடும் காசு தண்டம்.

சேசிஸ் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் கலவையில் ஈயம், தகரம், காட்மியம் கொஞ்சம் கலந்துவிட்டாலே உள்ளுக்குள் அரிப்பு ஆரம்பிக்கும். உலோகம் ஊதும், வளையும், கடைசியில் பொலபொலவென்று உதிரும். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் இன்னும் வேகம். நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929இல் கொண்டுவந்த ஜமாக் கலவைகளின் சூட்சுமமே 99.99 சதவீதத் தூய்மையான துத்தநாகம்தான். பட்டறையில் பழைய கழிவு உலோகத்தை உருக்கிச் சேர்த்துவிட்டால் அந்தத் தூய்மை போச்சு. 2000க்குப் பிறகு வந்த மாடல்களிலும் இந்தச் சீக்கு உண்டு.

பாடியைக் கழற்றும்போதே பாதி தெரிந்துவிடும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் சேசிஸ் நீளத்தில் வளர்ந்திருக்கலாம். கழற்றியதும் கண்ணாடித் தட்டில் வைத்து ஓரம் தூக்குகிறதா என்று பாருங்கள். மூலைகளிலும் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல், பெயின்ட் கொப்புளம், சாம்பல் தூள் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள். இருந்தால் வைத்தியம் கிடையாது. பசை போட்டு ஒட்டியதெல்லாம் அடுத்த கோடைவரைக்கும்தான். அப்போது மட்டும் மாற்று வாங்குங்கள். மோட்டார், போகி, பாடி உதிரிக்கு ஆகும்.

நேரோகேஜ்:
நன்றி. பாடி லேசாகக் கழன்றது. சேசிஸ் நேராக இருக்கிறது, விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. 30 செ.மீ.க்கு எட்டுத் தட்டு. முன் போகியின் இரண்டாவது ஆக்சிலில் இரண்டு வீலையும் எதிரெதிராகத் திருகினால் சுற்றிக்கொடுக்கிறது. சூப்பர் குளூ போட்டால் நிற்குமா? இந்த ஒரு கியரை மட்டும் மாற்றினால் போதுமா?

டீசல்ஷெட்:
குளூ நிற்காது. கியர் அசிட்டால் வகைப் பிளாஸ்டிக், எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளிருந்து விரிக்கும் இழுவிசை அப்படியே இருக்கிறதே!

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன. லைஃப்-லைக் புரோட்டோ 2000 வரிசை ஜிபி9 என்றால் அதர்ன் கம்பெனியின் 60024 எண் கியர் பொருந்தும். ஆறு கொண்ட பாக்கெட்டாக வரும், நாலு போட்டதுபோக இரண்டு கையில் இருக்கும். வேறு கம்பெனி என்றால் பல்லை எண்ணி, அரை ஆக்சிலின் விட்டத்தை காலிப்பரில் அளந்து அதற்கேற்றதை வாங்குங்கள். நாலிலும் பல் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆக்சில் இன்னொன்றை இழுத்துக்கொண்டே ஓடும்.

போகியின் அடி மூடி கிளிப்பில் நிற்கும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பினால் வீல்செட் கையோடு வரும். ஆக்சிலில் இருக்கும் பித்தளைப் பேரிங் கட்டை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். விரிசல் விட்டதில் வீலைத் திருகி இழுத்தாலே வந்துவிடும். நல்ல கியர் முரண்டு பிடித்தால் வீல் புல்லர் வேண்டும், பிளையரால் வீல் விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அரை ஆக்சில் முனையில் பிசிறு இருந்தால் 600 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். பிசிறோடு அழுத்தினால் புதுக் கியரும் அதே இடத்தில் பிளக்கும். பேரிங்கை மாட்டிய பிறகே வீலை அழுத்த வேண்டும், இதை மறந்துவிட்டு மறுபடி பிரிக்கிறவர்கள் நிறைய. தாடை இணையாக மூடும் சின்ன வைஸில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, நடுநடுவே கேஜில் வைத்துப் பாருங்கள். கியர் சரியாக மையத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் கண்ணாடி மேல் உருட்டினால் ஆட்டம் இருந்தால் தெரியும்.

பொன்மலைப்பட்டறை:
மோட்டார் சூட்டுக்கும் வருவோம். விரிசல் கியர் பாரமாக நின்றதும் ஒரு காரணம், அந்தக் காலத்து கிரீஸ் மெழுகாக இறுகியிருப்பது இன்னொன்று. பிரித்த கையோடு கியர், வொர்ம் எல்லாவற்றையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். அசிட்டோன், பெட்ரோல் பக்கமே போகவேண்டாம், பாடியைக் கரைத்துவிடும். வொர்மில் பிளாஸ்டிக்குக் கேடு செய்யாத கிரீஸ், லபெல் கம்பெனியின் 106 மாதிரி, அரிசி அளவு. ஆக்சில் பேரிங்கில் லபெல் 108 எண்ணெய் ஊசிமுனைத் துளி. அதிகம் விட்டால் எண்ணெய் வீலுக்கு இறங்கும், தண்டவாளமெல்லாம் அழுக்கு.

டிசிசிக்கு முன் ஒரு சோதனை: மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்து, ஃப்ளைவீலை விரலால் ஒரு நொடி மட்டும் பிடித்து நிறுத்தி ஆம்பியரைப் பாருங்கள். ஒரு ஆம்பியர் தாங்கும் டிகோடர் (டிசிசி கட்டளையை ஏற்று மோட்டாரை ஓட்டும் சின்னச் சர்க்யூட்) போடுவதாக இருந்தால் அதற்குள் நிற்க வேண்டும். தாண்டினால் மோட்டாரை மாற்றுங்கள், இன்ஜினை அல்ல.

சிக்னல்கை:
சவுண்டும் வேண்டும் என்றால் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சவுண்ட் டிகோடர், ஸ்பீக்கர் எல்லாம் தனியாக வாங்கிப் பொருத்தினால், சவுண்டோடு வரும் புது வார்ப்பு ஜிபி9 விலையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். வெறும் ஓட்டம் மட்டும் போதும் என்றால் கியர் பாக்கெட் ஒன்றோடு வேலை முடிந்தது. இன்னொன்று, முகப்பு விளக்கு 1.5 வோல்ட் பல்பாக இருந்தால் டிகோடரில் நேராகக் கொடுக்காதீர்கள், உடனே போய்விடும். எல்இடியும் 1000 ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள்.

நேரோகேஜ்:
சவுண்ட் இப்போதைக்கு வேண்டாம். கியர் பாக்கெட் ஆர்டர் போட்டுவிட்டேன், அந்தப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மாட்டியதும் இரண்டு திசையிலும் எவ்வளவு நேரம் ஓட்டிப் பழக்க வேண்டும்?

டீசல்ஷெட்:
பாதி வேகத்தில் முன்னுக்கு அரை மணி, பின்னுக்கு அரை மணி. முடித்ததும் வீல் இடைவெளியை இன்னொரு தடவை கேஜில் வைத்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அந்தக் கியர் துளை தொளதொளப்பு, பசை போட்டு ஒப்பேற்றாமல் மீதி இருக்கும் இரண்டில் ஒன்றைப் போடுங்கள்.